வௌவாலுக்கும் ஆடி உண்டு

வௌவால் கலைக்கிறவனுக்குச் சனங்கள் ரெண்டே ரெண்டு குரலிலதான் போன் எடுப்பினம்: ஒண்டு கத்தல், மற்றது ரகசியம். கத்துறவை வெள்ளைக்காரர். ரகசியமாக் கதைக்கிறவை எங்கட ஆக்கள். முகட்டுக்குள்ள வௌவால் நிக்குது எண்டு கோயிலில நாலு பேருக்குத் தெரிஞ்சா மானம் போயிடும் எண்ட பயம் அவைக்கு.

மொன்றியலில பழைய வீடு வாங்கி மாட்டுப்பட்டவை ஆரும் இதை வாசிச்சா, உங்கட கஷ்டம் எனக்கு வடிவாத் தெரியும். நான் கோப்பை கழுவி, ஜான்-டலோன் சந்தையில மரக்கறிப் பெட்டி தூக்கி, கடைசியா இந்த வேலைக்கு வந்து பதினொரு வருஷம். என்ர முதலாளி மார்ட்டின் என்னைவிட இருபது வயசு இளமை. என்ர மனிசி ஆக்களுக்குச் சொல்லுறது, "அவர் கூரை வேலை" எண்டு. ஆனா ஊருக்குள்ள என்ர பேர் வௌவால் சிறி. கீழ வாறதெல்லாம் பெரும்பாலும் போன கோடையில ஒரே வீட்டில பட்ட பாடு.

கருஞ்சீரகப் போத்தல்

ஜூன் மாதம் அஹுன்ட்சிக்கில இருந்து வசந்தி அக்கா எடுத்தா. இருபது வருஷம் ஒரு கார்டரியில, அதுதான் பிள்ளைக் காப்பகத்தில, மற்றவையின்ர பிள்ளையளைப் பார்த்தவ. இனி என்ர வீட்டிலயே கார்டரி நடத்தப்போறன் எண்டு வேலையை விட்டிட்டு, அவவும் புருஷன் யோகண்ணையும் ஒரு பழைய செங்கல் வீட்டை வாங்கிப் பால் காய்ச்சிக் குடிவந்திட்டினம். செப்டெம்பரில துறக்கவேணும். ஆறு பிள்ளையளின்ர தாய்மார் பேர் குடுத்திட்டினம். அதுக்கு முதல் அனுமதி தாற இடத்தில இருந்து ஆள் வந்து வீட்டைப் பார்த்து ஓம் எண்டு சொல்லவேணும். இந்த நேரம் பார்த்து, வெய்யில் ஏற ஏறச் சீலிங்குக்கு மேல கிச்சுக் கிச்சு எண்டு சத்தம்.

நான் போனவுடன அக்கா குசினி மேசையில ஒரு கண்ணாடிப் போத்தலைக் கொண்டுவந்து வச்சா. யன்னல் விளிம்பில கிடந்ததைக் கூட்டி அள்ளி, எனக்குக் காட்டவெண்டு கழுவின மசாலாப் போத்தலுக்குள்ள போட்டு வச்சிருக்கிறா. கறுத்த கறுத்த மணி, பார்த்தாக் கருஞ்சீரகமேதான். நான் கிளவுஸைப் போட்டு ரெண்டை விரலுக்குள்ள நசிச்சன். எலியின்ரது எண்டால் கல்லு மாதிரி இருக்கும். இது பொலபொலவெண்டு நொருங்கி மினுங்கிச்சுது. அந்த மினுக்கம் பூச்சியளின்ர செட்டை. "வௌவாலின்ர எச்சம்தான் அக்கா, சந்தேகமே இல்லை" எண்டன்.

யோகண்ணை அதிகம் வாய் துறக்காத மனிசன். அடுப்படியில நிண்டு போத்தலைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், பிறகு ஆறுதலாச் சொன்னார்: "நல்ல காலம், நேற்றுக் கறிக்கு நான் பெருஞ்சீரகத்தைத்தான் எடுத்தனான்."

நாற்பத்தாறு பேர்

எங்கட தொழிலில முதல் வேலை எண்ணுறது. பொழுது படுற நேரம் பின் வளவில மூண்டு கதிரை போட்டு, தேத்தண்ணியோட இருந்தம். கூரைக்குக் கீழ, மழைத்தண்ணி ஓடுற பீலிக்குப் பக்கத்தில ஒரு விரல் போற இடைவெளி. அதுக்குள்ளால முதல் ஒரு கறுத்த மூக்கு, பிறகு சின்னக் காது ரெண்டு, பிறகு முழு உடம்பும் வழுகிக் கீழ விழுந்து, விழுந்த வேகத்தில செட்டையை விரிச்சுப் பறந்திச்சுது. அக்கா கார்டரிப் பிள்ளையளைப் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போய் எண்ணுற மாதிரி விரலை மடிச்சு மடிச்சு எண்ணினா. நாற்பத்தாறு.

"எல்லாம் தாய்மார் அக்கா" எண்டு விளங்கப்படுத்தினன். குட்டியளை முகட்டுக்குள்ள ஒண்டோடொண்டு ஒட்ட வச்சுத் தொங்கவிட்டிட்டு, இதுகள் பூச்சி பிடிக்கப் போகுதுகள். திரும்பி வந்து, அத்தினை குட்டியளுக்குள்ளயும் தன்ர குட்டியைக் குரலை வச்சே கண்டுபிடிக்கும். "தகப்பன்மார் எங்க?" எண்டு அக்கா கேட்டா. "அவை குடும்பத்தோட இருக்கமாட்டினம். வேற எங்கயாவது மரப்பொந்திலயோ யன்னல் பலகைக்குப் பின்னாலயோ தனியத் தனிய நிம்மதியா நிப்பினம்" எண்டன்.

யோகண்ணை தேத்தண்ணியை ஒரு மிடறு குடிச்சிட்டு வானத்தைப் பார்த்துச் சொன்னார்: "குடுத்து வச்சதுகள்."

அக்காவின்ர கோவம்

அடுத்தநாள் விடிய போன். "சிறி, இண்டைக்கே வந்து அந்த ஓட்டையை அடை." நான் ஏலாது எண்டன். குட்டியள் பறக்க ஓகஸ்ட் நடுப்பகுதி ஆகும், அதுக்கு முதல் அடைச்சா தாய் வெளியில, குட்டி உள்ள. அக்காவுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுவம் எண்டு, "அக்கா, எங்கட ஆக்கள் ஆடியில நல்ல காரியம் செய்யமாட்டினம்தானே? வௌவாலுக்கும் அப்பிடித்தான் எண்டு வையுங்கோ. ஆடி முடியட்டும், ஆவணி முதலாம் திகதி நான் ஏணியோட வந்து நிப்பன்" எண்டன்.

அக்கா இன்ஸ்பெக்டரை ஓகஸ்ட் கடைசிக் கிழமைக்குத் தள்ளிவைக்கக் கேட்டா. அவை ஓம் எண்டவை. ஆனா அதுக்கும் பிந்தினா செப்டெம்பர் இல்லை, பேர் குடுத்த ஆறு தாய்மாரும் வேற இடம் பார்த்திடுவினம், விட்ட பழைய வேலையும் திரும்பக் கிடையாது. இதெல்லாத்தையும் எனக்கு மூச்சு விடாமச் சொல்லிப்போட்டு, போனை வைக்க முதல் அக்கா போட்ட போடு இப்பவும் காதுக்குள்ள நிக்குது: "இருபது வருஷம் ஊரார் பெத்த பிள்ளையளுக்குக் காவல் இருந்தன், இப்ப செட்டை முளைச்ச எலி பெத்ததுக்கும் நான்தான் காவலோ?"

நான் அடைச்ச ஓட்டை

அக்காவிட்ட நான் சொல்லாத ஒரு கதை இருக்கு. வேலைக்கு வந்த முதல் வருஷம், பார்க்-எக்ஸ்ரென்ஷனில ஒரு வீடு. வீட்டுக்காரர் இண்டைக்கே முடி எண்டு நெருக்கினார். மார்ட்டின் லீவில. ஜூன் மாதம் எண்டு தெரிஞ்சும், பகல் முழுக்க உள்ளுக்க ஒரு சத்தமும் இல்லைத்தானே எண்டு நினைச்சு, இருட்டின பிறகு ஏறி, ஒரு நூல் போக இடமில்லாமல் அடைச்சன். என்னை மாதிரி வேலைகாரன் இல்லை எண்ட நினைப்பு வேற.

அடுத்தநாள் பின்னேரம் மிச்சக் கணக்குப் பார்க்கப் போனன். அந்தச் சுவரில தாய் வௌவாலுகள் ஊர்ந்துகொண்டு நிண்டுதுகள். பறந்து போகும், திரும்ப வந்து அதே செங்கல்லில ஒட்டும், மூக்கால தேடும். உள்ளுக்க இருந்து மெல்லிய கீச்சுச் சத்தம். ஏணியை எடுக்க ஓடினன். அடைச்சதை உடைச்சுத் துறந்தன். பாதிக் குட்டியளுக்கு அது பிந்திப்போச்சு. செத்த குட்டியளைப் போட்ட பையைக் கையில வச்சுக்கொண்டு, ரோட்டில நிண்ட என்ர வேலை வானுக்குள்ள இருந்து அழுதன், அதைச் சொல்ல எனக்கு வெக்கமில்லை.

மார்ட்டின் வந்து ஏசுவான் எண்டு பார்த்தன். அவன் ஏசேல்லை. நான் அடைச்ச இடத்தைக் கையால தடவிப் பார்த்திட்டு இவ்வளவுதான் சொன்னான்: "அடைக்க முதல் உள்ள ஆர் நிக்கினம் எண்டு கேள்."

திரைச்சீலைக்குப் பின்னால

இடையில ஒருநாள் வேற ஒரு வேலைக்கு இல்-பிசாருக்குப் போனன். பஸ் எப்பவாவதுதான் வாற அந்தத் தீவில தனிய இருக்கிற, பிரான்சில பிறந்த ஒரு அம்மா. அவவின்ர திரைச்சீலை மடிப்புக்குள்ள ஒரு வௌவால் நித்திரை. நான் ஒரு டப்பாவால மூடி, கீழால மட்டையைச் செருகி எடுத்தன். வெறுங்கையால தொடவே கூடாது, விசர்நாய்க்கு வாற ரேபிஸ் நோய் இருக்கலாம், கடிச்சாலோ படுத்திருக்கிற அறைக்குள்ள நிண்டாலோ உடன டொக்டரிட்டக் கதைக்கவேணும். இதை நான் எல்லா வீட்டிலயும் தேவாரம் மாதிரிச் சொல்லுறனான்.

அம்மாவுக்கு நான் ஒண்டும் சொல்லவேண்டி வரேல்லை. பளபளவெண்ட கபில முடி, கரி பூசின மாதிரி முகம், அகலமான கறுத்த செட்டை, அதைப் பார்த்தவுடன அம்மாவின்ர முகம் மலர்ந்திட்டுது. அவவின்ர ஊரில இதை செரோட்டின் எண்டு சொல்லுவினமாம். எங்கட கனடாக்காரர் அதுக்கு ஒண்டுவிட்ட சகோதரம். அங்கயும் இதே மாதிரித்தான், குளிருக்குச் சுவருக்குள்ள சுருண்டு, கோடைக்கு முகட்டில குட்டி போட்டு, பொழுதுபட மரத்தின்ர உயரத்தில அவசரமில்லாமப் பறந்து, தெருலைட்டைச் சுத்தி வண்டு பிடிக்குமாம். செத்துப்போன புருஷன் வௌவாலுக்கெண்டு செய்த மரப்பெட்டி ரெண்டு கராஜில கிடக்கு, தேவைப்பட்டா ஒண்டைக் கொண்டுபோ எண்டா. சந்தோஷத்தில நான் கொஞ்சம் உரத்து நன்றி சொல்லிப்போட்டன். அம்மா டப்பாவில காது வச்ச மாதிரிக் குனிஞ்சு என்னை அடக்கினா: "மெதுவாக் கதை, இவளின்ர காது எங்கட காதைப்போல இல்லை."

ஓமம்

ஜூலை மாதம், ஆடி பிறக்க முதல், கார்டரி நல்லா வரவேணும் எண்டு அக்கா கணபதி ஓமம் வச்சா. "கோவம் வௌவாலோட, உன்னோட இல்லை, வந்து வடை சாப்பிடு" எண்டு எனக்கும் அழைப்பு. எங்கட வீடுகளில ஓமம் எண்டால் முதல் வேலை உங்களுக்குத் தெரியும்தானே? யோகண்ணை கதிரையில ஏறி, நடையில இருந்த புகை அலாரத்துக்குக் குளிக்கிற பிளாஸ்ரிக் தொப்பியைப் போட்டு இறுக்கினார். ஐயர் நெய்யை விட்டார். புகை எழும்பிச்சுது. பதினொரு வருஷம் கூரைக்குள்ள கிடந்து உழைக்கிற எனக்கு, அந்தப் புகை எங்க போகும் எண்டு மண்டையில ஓடேல்லை. நான் வடையைக் கடிச்சுக்கொண்டு நிண்டன்.

ஹோலின்ர நடு லைட்டைச் சுத்தி ஒரு வெடிப்பு. புகை அதுக்குள்ளால மேல போச்சு, குட்டியள் அதுக்குள்ளால கீழ வந்துதுகள். முதலாவது, கும்பத்துக்கு முன்னால பரப்பின அரிசியில வந்து விழுந்திச்சுது. பெருவிரல் அளவு, முடி சரியா முளைக்காத சாம்பல் நிறம். சனம் ஓவெண்டு கத்தி எழும்பிச்சுது. "தொடாதேங்கோ!" எண்டு கத்திக்கொண்டு நான் வானுக்குக் கிளவுஸ் எடுக்க ஓடினன். திரும்பி வர மூண்டு கிடக்கு. அக்கா கிட்டக் குந்தி இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. அந்த வாய் துறந்து துறந்து மூடுறதை அவவுக்கு ஆர் விளங்கப்படுத்தவேணும்?

"நிப்பாட்டுங்கோ ஐயா" எண்டா. ஐயர் கையில நெய்க்கரண்டியோட, "ஓமத்தை இடையில நிப்பாட்டக் கூடாது பிள்ளை, பிறகு உம்மட கார்டரிக்கு நான் பொறுப்பில்லை" எண்டார். வந்த சொந்தக்காரரும் ஓம் ஓம் எண்டிச்சினம். அக்கா கும்பத்தைப் பார்த்தா, கீழ கிடந்த குட்டியளைப் பார்த்தா. எல்லாம் அந்தக் கார்டரிக்காகத்தானே. பிறகு அபிஷேகத்துக்கு வச்ச பால் செம்பை எடுத்து அப்பிடியே நெருப்பில ஊத்தினா: "பிள்ளையார் கோவிச்சா நான் அவரோட கதைச்சுக்கொள்ளுறன் ஐயா, மேல குழந்தையளுக்கு மூச்சுத் திணறுது."

பிந்தி வந்த தாய்

சனம் முணுமுணுத்துக்கொண்டு போச்சுது. பாதியில நிண்ட ஓமம், இனி இந்த வீட்டில ஒண்டும் உருப்படாது எண்டு படியில இறங்கேக்கையே ஆரோ சொல்லுறது கேட்டுது. நான் சப்பாத்துப் பெட்டிக்குள்ள யோகண்ணை இடுப்பில கட்டுற பழைய சாறத்தைப் போட்டு, குட்டியள் பிடிச்சுத் தொங்கிற மாதிரி மடிச்சு, மூண்டையும் வச்சு, வௌவால் வாற ஓட்டைக்குக் கீழ சுவரில உயரக் கட்டினன். பொழுதுபட்டுது. தாய்மார் வெளியில வந்திச்சினம். ஒண்டு பெட்டிக்கிட்ட வந்து ஒட்டிச்சுது. குட்டி கீச்செண்டுது. அது தாயின்ர வயித்தில ஏறிப் பிடிச்சவுடன ரெண்டும் பறந்து போயிட்டுதுகள். கொஞ்சத்தால ரெண்டாவதும்.

மூண்டாவதுக்கு ஆரும் வரேல்லை. நான் ஏணியைச் சாத்தினன், யோகண்ணை உள்ள போனார், அக்கா கதிரையை விட்டு எழும்பேல்லை. அழுதா. கார்டரிக்காக அழுதாவோ குட்டிக்காக அழுதாவோ எண்டு நான் கேக்கேல்லை. கடைசியா ஒண்டு தனிய வந்து ரெண்டுதரம் சுத்திப் பார்த்திட்டு, பெட்டியில இறங்கிச் சத்தம் குடுத்திச்சுது. "இவ்வளவு நேரமும் எங்க போனதோ சனியன்" எண்டன் நான். அக்கா கண்ணைத் துடைச்சுக்கொண்டு என்னைத்தான் ஏசினா: "பிந்தி வாற தாயை ஏசக்கூடாது சிறி, அவளுக்கும் வேலை முடியவேணுமே."

ஆவணி மழை

சொன்ன மாதிரி ஆவணி முதலாம் திகதி ஏணியோட போனன். லைட் வெடிப்பை முதலே பூசியாச்சு. இப்ப மற்ற எல்லா இடைவெளியையும் அடைச்சு, அந்த ஒரு விரல் வாசலில மட்டும் வலைக்குழாய் மாட்டினன். உள்ள நிக்கிறது வெளியில வழுகலாம், வெளியில நிக்கிறது உள்ள ஏற ஏலாது. இன்ஸ்பெக்டர் வர ஒன்பது நாள். மாட்டி முடிய மழை துவங்கிச்சுது. அஞ்சு நாள். மழைக்குள்ள பூச்சி இல்லை, பூச்சி இல்லாட்டி இதுகள் அசையாது. அக்கா ஒவ்வொரு பின்னேரமும் எடுத்து, "சிறி, எத்தினை?" எண்டு கேப்பா. நான் "சைபர்" எண்டுவன். அவ உடன போனை வச்சிடுவா.

ஆறாம் நாள் வானம் வெளிச்சுது. எழுபத்தொரு வௌவால் வந்திச்சுது, தாயும் பறக்கப் பழகின பிள்ளையும்; மற்றதுகள் மழைக்கு முதலே வெளிக்கிட்டிட்டுதுகள். அடுத்தநாள் நாலு. அதுக்கடுத்தநாள் ஒண்டும் இல்லை. நான் வெடிச்ச வெள்ளரிப்பழம் மாதிரி வாயெல்லாம் சிரிப்பா நிக்க, அக்கா, "இனி எங்க போவினம்?" எண்டு கேட்டா. ரெண்டு மாதம் அடை அடை எண்டு நிண்ட அதே அக்கா. நான் இல்-பிசாருக்குப் போய் அந்த மரப்பெட்டியில ஒண்டைக் கொண்டுவந்து, கராஜ் சுவரில உயர அடிச்சன். ஏணியைப் பிடிச்சுக்கொண்டு நிண்ட யோகண்ணை சொன்னார்: "என்ர மண்வெட்டி வைக்கக் கராஜில ஒரு மூலை தராதவ, இதுகளுக்கு வீடே குடுத்திட்டா."

தொப்பி போட்ட அலாரம்

அடுத்தநாள் விடிய நான் வலைக்குழாயைக் கழட்டிக் கடைசி ஓட்டையையும் அடைச்சிட்டு இறங்க, இன்ஸ்பெக்டர் அம்மா வந்து நிண்டா. வீட்டில இனி வௌவால் இல்லை எண்டு மார்ட்டின் எழுதித் தந்த கடிதத்தைக் குடுத்தன். வாசிச்சா, மேல பார்த்தா, சுவரைப் பார்த்தா, தலையாட்டினா. அக்காவின்ர முகத்தில ரெண்டு மாதத்துக்குப் பிறகு ரத்தம் ஓடிச்சுது. நடையால திரும்பி வரேக்க இன்ஸ்பெக்டர் நிண்டா. அண்ணாந்து பார்த்தா. நாங்களும் பார்த்தம். ஓமத்துக்குப் போட்ட குளிக்கிற தொப்பி, பூப்போட்டது, அப்பிடியே அலாரத்தில. நாங்கள் எல்லாரும் ரெண்டு மாதமா அண்ணாந்து வௌவாலைத்தான் பார்த்திருக்கிறம்.

யோகண்ணை வாழ்க்கையில முதல்தரமா முந்திக்கொண்டு, "பெயின்ற் அடிக்க மூடினது" எண்டு துவங்கினார். அக்கா அவரைக் கையால தடுத்தா. "இல்லை மேடம். சாமிக்குப் புகை போட மூடினம். எடுக்க மறந்துபோனம். பிள்ளையள் இருக்கப்போற வீட்டில நான் மறந்திருக்கக் கூடாது" எண்டு முழுக்கதையையும் சொன்னா, பாலை ஊத்தினது வரைக்கும். உண்மை சொல்ல ஒரு நேரம் காலம் இல்லையோ எண்டு எனக்கு அக்காவில கோவம் வந்திச்சுது. இன்ஸ்பெக்டர் கன நேரம் எழுதினா. எழுதி முடிச்சுப் பேனையை மூடினா: "இண்டைக்கு என்னால ஓம் எண்டு எழுத ஏலாது, ஆனா வௌவாலுக்கு ரெண்டு மாதம் பொறுத்த நீங்கள் எனக்கு ஒருநாள் பொறுப்பியள்தானே, நாளைக்கு எல்லா அலாரத்தையும் அமத்திப் பார்க்க வாறன்."

பால் செம்பு

வந்தா. மூண்டு அலாரத்தையும் ஒவ்வொண்டா அமத்தினா. வீடு அதிர அது கத்தின சத்தம் எனக்கு நாதஸ்வரம் மாதிரி இருந்திச்சுது. கையெழுத்து விழுந்தவுடன அக்கா என்ர ரெண்டு கையையும் இறுக்கிப் பிடிச்சா.

கார்டரி துறக்கிறதுக்கு முதல்நாள் அதே ஐயரைக் கூப்பிட்டு ஓமத்தைத் திரும்ப முதலில இருந்து வச்சம், இந்தமுறை பின் வளவில. ஐயர் என்னோடயும் அக்காவோடயும் முகம் குடுத்துக் கதைக்கேல்லை. குண்டத்தை வச்சார், விறகை அடுக்கினார், நெருப்புக்குச்சியை எடுத்தார். உரசேல்லை. கராஜ் சுவரில இருந்த பெட்டியை நிமிர்ந்து பார்த்து, "தம்பி, அதுக்குள்ள ஆரும் நிக்கினமோ?" எண்டு கேட்டார். நான் போய்க் கீழ நிண்டு அண்ணாந்து பார்த்தன். பலகை இடுக்குக்குள்ள ஒரு கறுத்த மூக்கு. "ஒண்டு நிக்குது ஐயா" எண்டன்.

ஐயர் குண்டத்தையும் பலகையையும் தூக்கிக்கொண்டு வளவின்ர மற்ற மூலைக்கு, வேலிக்கரைக்குப் போனார். காத்து எந்தப் பக்கம் அடிக்குது எண்டு துண்டைப் பிடிச்சுப் பார்த்தார். இருந்து, நெருப்பைக் கொளுத்த முதல் அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "பிள்ளை, அந்தப் பால் செம்பை உம்மட கைக்கு எட்டினமாதிரியே வச்சிரும்."

பதினொரு வருஷமா வீடுகளில இருந்து நான் வௌவாலை வெளியில அனுப்பிக்கொண்டிருக்கிறன், அதுகள் தங்கட நேரம் வந்தவுடன ஒரு சொல்லும் சொல்லாமல் போயிடுதுகள், வெளிக்கிடாமல் அடம்பிடிக்கிறது எப்பவும் வீட்டுக்காரரின்ர அவசரம்தான்.